தூக்கம் குறைந்தால் எடை ஏறுமா? நைட் ஷிப்ட்காரர்கள் கொஞ்சம் வரவும்

தாளம்பூர் தம்பி (சென்னை)

எல்லாருக்கும் வணக்கம். வயது 34, உயரம் 170 செ.மீ. அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு இங்கிருந்து பில்லிங் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு லாகின், அதிகாலை மூன்றரைக்கு லாகவுட். இந்த ஷிப்டுக்கு வந்தபோது 71 கிலோ இருந்தேன். இப்போது 83.

வீட்டில் சாப்பிடுவது முன்பு சாப்பிட்ட அதே அளவுதான். தூக்கம்தான் குறைந்துவிட்டது. படுக்க ஐந்து மணி ஆகிவிடும். ஒன்பது மணிக்கெல்லாம் குப்பை வண்டிப் பாட்டு, சிலிண்டர்காரர் தட்டுகிற சத்தம், எதிர்வீட்டு மிக்சி. அதற்கு மேல் தூக்கம் ஏது.

ஜிம் ட்ரெயினர் “தூக்கத்துக்கும் தொப்பைக்கும் சம்பந்தமே இல்லை ப்ரோ, எல்லாம் கலோரி” என்கிறார். மாமனார் “ராத்திரி கண் முழித்தால் உடம்பு இளைக்கத்தானே செய்யும்” என்கிறார். மனைவி “முதலில் ஒழுங்காகத் தூங்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம்” என்கிறாள். யார் சொல்வது சரி? அனுபவம் உள்ளவர்களும் படித்தவர்களும் சொல்லுங்கள்.

---

சால்னா (மதுரை)

நான் மாமனார் கட்சி. முழித்திருந்தால் உடம்பு வேலை செய்கிறது, வேலை செய்தால் கொழுப்பு கரைகிறது. எங்கள் தெரு ஏ.டி.எம். வாட்ச்மேனைப் பாருங்கள், பத்து வருஷமாக நைட் டூட்டி, காற்றடித்தால் பறந்துவிடுவார்.

---

எண்கணக்கன் (பெங்களூரு)

சால்னா சொல்வதில் முதல் பாதி உண்மை, அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2013-ல் வெளிவந்த கொலராடோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் 16 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார்கள். ஒரு சுற்றில் ஐந்து நாள் இரவுக்கு 9 மணி நேரம் படுக்கலாம், இன்னொரு சுற்றில் 5 மணி நேரம்தான். குறைவாகத் தூங்கிய நாட்களில் உடல் செலவழித்த ஆற்றல் சுமார் 5 சதவீதம் கூடியது. அதாவது ஒரு நாளைக்கு 2000 கலோரி செலவழிப்பவருக்கு 100 கலோரி கூடுதல் செலவு. அவ்வளவுதான் கண் முழிப்பதன் லாபம்.

இரண்டாம் பாதியைக் கேளுங்கள். சாப்பாட்டுக்குக் கட்டுப்பாடு கிடையாது, வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். ஐந்தே நாளில் சராசரியாக 0.8 கிலோ ஏறியது. காலையில் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் இரவு உணவுக்குப் பிறகு கொறித்ததன் கலோரியைக் கூட்டினால் அன்றைய எந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் விட அதிகம் வந்தது.

இது ஒற்றை ஆய்வின் விசித்திரம் இல்லை. லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு 2016-ல் இப்படிப்பட்ட 11 ஆய்வுகளை (மொத்தம் 172 பேர்) சேர்த்துக் கணக்குப் போட்டது. தூக்கத்தைக் குறைத்தவர்கள் மறுநாள் சராசரியாக 385 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டிருந்தார்கள். செலவுப் பக்கம் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

---

சால்னா (மதுரை)

385 என்றால் ஒரு மசால் தோசை. தினமும் ஒரு மசால் தோசை இலவசமா? நடக்கட்டும்.

---

வார்டு அக்கா (கோவை)

தாளம்பூர் தம்பி, வீட்டுச் சாப்பாடு சரி. ஆறரை மணி லாகினில் இருந்து மறுநாள் காலை எழும் வரை வாய்க்குள் என்னென்ன போகிறது? அதை எழுதுங்கள். டீ, பிஸ்கட் உட்பட. டீயில் சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்பதோடு.

நான் ஐ.சி.யூ. நர்ஸ். நைட் டூட்டியில் பதினொரு மணி வாக்கில், வீட்டிலிருந்து கொண்டுபோன சப்பாத்தியைச் சாப்பிட்டு முடித்திருப்போம். வயிறு நிறைந்துதான் இருக்கும். இரண்டரைக்கு மேல் உடம்பு லேசாகக் குளிர ஆரம்பிக்கும், கண் சொருகும், சார்ட்டில் எழுதுகிற எழுத்து கோணும். அந்த நேரத்தில் யாராவது மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், அந்தச் சத்தத்துக்கே நாலு கை நீளும். அதே மேசையில் காலை டிபனுக்கு வைத்த இட்லி டப்பா இருக்கும், ஒருத்தரும் தொட மாட்டோம். இது பசி என்றால் இட்லி இறங்கியிருக்க வேண்டுமே? உப்பு, காரம், இனிப்பு, மொறுமொறுப்பு, இதில் ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்திருக்க நாக்கைக் கிள்ள வேண்டியிருக்கிறது.

---

தாளம்பூர் தம்பி (சென்னை)

எழுதுகிறேன் அக்கா. சாதாரண நாள்:

எட்டரை மணிக்கு மெஷின் டீ (சர்க்கரை அதிலேயே இருக்கும், அளவு தெரியாது), இரண்டு மேரி பிஸ்கட். பத்தரைக்கு கேன்டீனில் டின்னர், சாம்பார் சாதம் அல்லது சப்பாத்தி குருமா. பன்னிரண்டரைக்கு மறுபடி டீ. இரண்டு மணிக்கு டீமோடு கீழே இறங்கி கேட்டுக்கு வெளியே இருக்கிற கடையில் முட்டை பப்ஸ், சில நாள் பிரெட் ஆம்லெட், கூடவே ஒரு டீ. கேபில் போகும்போது வாரத்தில் பாதி நாள் டிரைவர் அண்ணன் டீ குடிக்க நிறுத்துவார், அங்கே ஏதாவது சூடாகப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

காலை பத்து மணிக்கு வீட்டில் இட்லி, மதியம் சாப்பாடு, ஐந்து மணிக்குக் கிளம்பும்முன் டிபன். வீட்டில் சாப்பிடுவது இந்த மூன்றுதான்.

---

சால்னா (மதுரை)

தம்பி, இது ஷிப்ட் இல்லை, சீர் வரிசை.

அக்கா, இதில் தூக்கம் எங்கே வருகிறது? வாயைக் கட்டினால் முடிந்தது. ட்ரெயினர்தான் ஜெயித்தார்.

---

எண்கணக்கன் (பெங்களூரு)

அவசரப்படாதீர்கள். ஏன் வாய் கேட்கிறது என்பதுதான் கேள்வி.

இணையத்தில் எங்கே தேடினாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது, பசி என்று சொல்லும் கிரெலின் கூடுகிறது. இது சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஈவ் வான் காட்டர், கரீன் ஸ்பீகல் குழு 2004-ல் வெளியிட்டது. இரண்டு இரவு 4 மணி நேரம் மட்டும் படுக்கவைத்ததில், 10 மணி நேரம் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைவு, கிரெலின் 28 சதவீதம் அதிகம், பசி 24 சதவீதம் அதிகம். கலந்துகொண்டவர்கள் 12 பேர், எல்லாரும் இளைஞர்கள், எல்லாரும் ஆண்கள். அதே ஆண்டு விஸ்கான்சினில் 1024 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோதும் குறைவாகத் தூங்குபவர்களிடம் இதே திசையில் வித்தியாசம் தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வாட்ஸ்அப் பார்வர்டிலும் இந்த இரண்டு ஹார்மோன்தான்.

எனக்கு இந்தக் கதை கொஞ்சம் அதிகமாக விற்கப்பட்டதாகத் தோன்றுகிறது. மேலே சொன்ன கொலராடோ ஆய்வில் ஹார்மோன்கள் நேர் எதிராகப் பேசின. சாப்பாடு அதிகமாக உள்ளே போனதால் ‘போதும், சேமிப்பு நிறைந்துவிட்டது’ என்கிற திசையில்தான் அவை மாறியிருந்தன. அப்படியும் ஆட்கள் சாப்பிட்டார்கள். அதாவது வயிற்றிலிருந்து போகும் தகவல் சரியாகவே போகிறது, மேலே இருப்பவர் காதில் வாங்கவில்லை.

சிகாகோவிலேயே 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. நம் உடலே தயாரிக்கும், கஞ்சாவின் வேதிப்பொருள் போய் உட்காரும் அதே இடத்தில் உட்காரும் பொருள் ஒன்று உண்டு. சாப்பாட்டை ருசிக்காகத் தேடவைப்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. நாலரை மணி நேரம் தூங்கவிட்டவர்களுக்கு பிற்பகலிலும் மாலையிலும் அதன் அளவு உயர்ந்தே இருந்தது. நல்ல சாப்பாடு சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகாத நிலையிலும் சிப்ஸையும் குக்கீஸையும் விட முடியவில்லை. வார்டு அக்காவின் மிக்சர் பாக்கெட் இதுதான். அவர் ஆய்வுக்கூடம் இல்லாமலே சொல்லிவிட்டார்.

---

வார்டு அக்கா (கோவை)

நன்றி கணக்கரே. எங்கள் தொழிலை வைத்தும் ஏதோ பெரிய ஆய்வு உண்டு என்பார்களே?

---

எண்கணக்கன் (பெங்களூரு)

உண்டு. அமெரிக்க நர்ஸ்கள் 68,183 பேரை 16 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள், 2006-ல் வெளியானது. 5 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்கள், 7 மணி நேரம் தூங்கியவர்களைவிடச் சராசரியாக 1.14 கிலோ கூடுதலாக எடை போட்டிருந்தார்கள்.

---

சால்னா (மதுரை)

16 வருஷத்தில் ஒரு கிலோ! தீபாவளிக்கு நான் போடும் எடை இது. இதற்குத்தானா இவ்வளவு பேச்சு?

---

எண்கணக்கன் (பெங்களூரு)

சராசரி அப்படித்தான் இருக்கும். அதே ஆய்வில் 15 கிலோவோ அதற்கு மேலோ ஏறுகிற வாய்ப்பு குறைவாகத் தூங்கியவர்களுக்கு 32 சதவீதம் அதிகம். ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தம்பியின் 12 கிலோவும் தூக்கத்தால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூக்கம் கெட்டது, ராத்திரியில் கடை திறந்திருந்தது, நாள் முழுக்க நாற்காலி. மூன்றும் சேர்ந்துதான் இது.

ட்ரெயினர் ஜெயித்தார் என்றீர்களே, அவருக்கும் ஒரு செய்தி. 2010-ல் சிகாகோவில் பருமனான 10 பேருக்கு 14 நாள் ஒரே அளவான குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு சுற்றில் எட்டரை மணி நேரப் படுக்கை, மறு சுற்றில் ஐந்தரை. இரண்டிலும் எடை கிட்டத்தட்ட 3 கிலோ குறைந்தது. மெஷினில் ஏறி நின்றவருக்கு வித்தியாசமே தெரிந்திருக்காது. உள்ளே பார்த்தால், நன்றாகத் தூங்கியபோது போனதில் கொழுப்பு 1.4 கிலோ. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோதான். மீதி எல்லாம் பெரும்பாலும் தசைப் பக்கம் போனது. பட்டினி அதே பட்டினி, கலோரி அதே கலோரி. டயட்டில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஐந்து மணி நேரம் தூங்குபவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்ப்பது நல்லது.

---

தாளம்பூர் தம்பி (சென்னை)

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ட்ரெயினருக்கு அனுப்பிவிட்டேன். ‘சீன்’ காட்டுகிறது, பதில் இல்லை.

---

ஒன்றரை ஷிப்ட் (திருப்பூர்)

எல்லாம் படித்தேன். எனக்கு ஒரு சந்தேகம், கொஞ்சம் கோபமும்.

எங்கள் ஊரில் காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போனால் ராத்திரி எட்டரை. ஷிப்மென்ட் நெருங்கினால் ஒரு மணி வரைகூட ஓடும். பவர்டேபிளில் (தையல் மெஷினில்) உட்காரும் பெண்கள் வீட்டுக்குப் போய்ச் சமைத்து, தண்ணி வரும் நாள் என்றால் நாலு மணிக்கு எழுந்து குடம் பிடிப்பார்கள். அஞ்சு மணி நேரம் தூங்கினால் பெரிசு. அவர்களில் பாதிப் பேர் ஒல்லிதான். தூக்கமில்லாததால் எடை என்றால் இந்த ஊரே பருத்திருக்க வேண்டும்.

2015-ல் தான்சானியாவின் ஹட்சா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களிடம் கடிகாரம் கட்டிப் பார்த்தார்கள். மின்விளக்கு இல்லாத வாழ்க்கை. அவர்கள் தூங்கியது இரவுக்கு 5.7 முதல் 7.1 மணி நேரம். அவர்களிடம் பருமன் அபூர்வம். இதற்கு என்ன சொல்கிறீர்கள் கணக்கரே?

---

எண்கணக்கன் (பெங்களூரு)

நல்ல கேள்வி. என் பதில்: தூக்கமின்மை எடையைத் தயாரிப்பதில்லை. சாப்பிடவைக்கிறது. சாப்பிட எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அது வெறும் தூக்கமின்மையாகவே நின்றுவிடும். ஹட்சா ஆளுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முட்டை பப்ஸ் வேண்டுமென்றால் எங்கே போவார்? உங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கையில் காசும் இல்லை, கொறிக்க நேரமும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஏறியவர்கள் எல்லாரும் சாப்பாடு பக்கத்திலேயே இருந்தவர்கள்.

அந்த நிலை மாறினால் கதையும் மாறும். கம்பெனி கேன்டீன், பன், பாக்கெட் நொறுக்கு எல்லாம் உங்கள் ஊரிலும் வந்தாயிற்று அல்லவா?

---

ஒன்றரை ஷிப்ட் (திருப்பூர்)

வந்தாயிற்று. சாயங்காலம் ஆறு மணி டீக்கு இப்போது கிரீம் பன்னும் சேர்ந்துவிட்டது, மறுக்கவில்லை.

ஆனாலும் ‘நன்றாகத் தூங்குங்கள்’ என்ற அறிவுரையே ஏ.சி. ரூம் உள்ளவர்களுக்கானது. சென்னையிலேயே செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, 2021-ல் வெளிவந்தது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேர். படுக்கையில் இருந்த நேரம் சராசரி 8 மணி. மணிக்கட்டில் கட்டிய கருவிப்படி தூங்கியது ஐந்தரை மணி. சூடு, கொசு, சத்தம், ஒரே அறையில் குடும்பம் முழுக்க. மெத்தை, தலையணை, காதடைப்பான், மேசை ஃபேன் என்று கொடுத்துப் பார்த்தார்கள். கூடியது 27 நிமிடம். அதனால் வேலையிலோ மனநிலையிலோ பெரிய பலன் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மதியம் வேலையிடத்திலேயே அரை மணி நேரம் தூங்கவிட்டதில் பலன் தெரிந்தது. அந்த ஆய்வு எடையைப் பற்றியது இல்லை, தெரியும். நான் சொல்ல வருவது, தூக்கம் ஒருத்தர் மன உறுதியில் மட்டும் இல்லை. எங்கள் முதலாளி யாராவது அரை மணி நேரம் படுக்கவிடுவார்களா, சொல்லுங்கள்.

---

வார்டு அக்கா (கோவை)

ஒன்றரை ஷிப்ட் அண்ணா சொல்வது முழுக்கச் சரி. எங்கள் ஆஸ்பத்திரியில் நைட் ஸ்டாஃப் கண்ணயர்ந்தால் மெமோ. நோயாளிக்கு ஊசி போடும் கைதான் அது என்று யாரும் யோசிப்பதில்லை.

தம்பி, உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டும். குறட்டை விடுவீர்களா? உங்களைக் கேட்கவில்லை, மனைவியைக் கேட்டுச் சொல்லுங்கள். எழுந்ததும் தலைவலி, வாய் வறட்சி உண்டா? தையல்கார டேப் எடுத்து கழுத்தைச் சுற்றி அளங்கள். 40 செ.மீ. தாண்டினால் நான் கொஞ்சம் யோசிப்பேன். உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 28.7 வருகிறது, நம் நாட்டுக்காரர்களுக்கு 25-லேயே பருமன் என்று வைத்திருக்கிறார்கள்.

---

பனங்கூடல் (ஸ்காபரோ)

வார்டு அக்கா கேட்டது முக்கியமான கேள்வி. இதுவரை எல்லாரும் நித்திரை குறைந்தால் எடை கூடும் என்றுதான் கதைக்கிறீர்கள். எனக்கு நடந்தது மறுபக்கத்தால்.

எனக்கு 52 வயது. எடை கூடக் கூடக் குறட்டையும் கூடியது. எட்டு மணித்தியாலம் படுத்தாலும் விடிய எழும்பேக்க அடிச்சுப் போட்டது போல இருக்கும். மனுசிதான் கண்டுபிடித்தவ. “குறட்டை இடையிலே நிண்டு போகுது, மூச்சும் நிக்குது, நான் எண்ணிக்கொண்டு கிடக்கிறன்” என்றா. குடும்ப வைத்தியர் நித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். மணித்தியாலத்துக்கு 38 தரம் மூச்சு தடைப்படுகிறதாம். 30-க்கு மேலே போனால் கடுமையானது என்று கணக்கு. கழுத்திலும் நாக்கடியிலும் சேரும் கொழுப்பு மூச்சுக்குழாயை நெருக்குது, மூளை ஒவ்வொரு தரமும் தட்டி எழுப்புது. எழும்பினது எங்களுக்குத் தெரியாது.

மூச்சுக்குழாய் மூடாமல் இருக்கக் காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும், முகத்தில் மாட்டும் சி-பாப் மெஷின் தந்தார்கள். இங்கே கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் அரசாங்கம் 75 சதவீதம் கட்டும். முதல் கிழமை கழட்டி எறிந்தேன், பிறகு பழகிவிட்டது. இப்ப அது இல்லாமல் நித்திரை வராது.

---

சால்னா (மதுரை)

அண்ணே, மெஷின் போட்டு நன்றாகத் தூங்கினீர்கள். எடை மளமளவென்று இறங்கியிருக்குமே?

---

பனங்கூடல் (ஸ்காபரோ)

இல்லை தம்பி. கொஞ்சம் கூடினது. நித்திரை டாக்டரிடம் கேட்டேன், பலருக்கு அப்படித்தான் என்றார்.

---

எண்கணக்கன் (பெங்களூரு)

பனங்கூடல் அண்ணா சொல்வது ஆய்வுகளிலும் உள்ளது. சி-பாப் போட்டவர்களுக்குச் சராசரியாக அரை கிலோ கூடுவதாகவே தொகுப்பாய்வு காட்டுகிறது. இரவு முழுக்க மூச்சுக்குப் போராடியதில் செலவான சக்தி மிச்சமாகிறது என்பது ஒரு விளக்கம். தூக்கத்தைச் சரிசெய்தால் எடை தானாக இறங்கும் என்று விற்பவர்களுக்கு இது சங்கடமான எண். அதற்காக மெஷினைக் கழற்றிவிடாதீர்கள், அது ரத்த அழுத்தத்துக்கும் பகல் தூக்கத்துக்கும் தரும் நன்மை வேறு கணக்கு.

எதிர்ப்பக்கம் இன்னும் தெளிவு. எடை இறங்கினால் மூச்சுத் தடை குறைகிறது. எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசியை (மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது) பருமனோடு இந்தத் தொல்லையும் உள்ளவர்களுக்காக அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதித்தார்கள். டாக்டர் சொல்லாமல் யாரும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

---

தூளி (திருச்சி)

ஆண்கள் ஷிப்டையும் குறட்டையையும் மட்டும் பேசுகிறீர்கள். எனக்கு எட்டு மாதக் குழந்தை. சம்பளமில்லாத நைட் ஷிப்ட். பிரசவத்துக்கு ஏறிய எடையில் பாதிகூட இறங்கவில்லை. “பால் கொடுத்தால் தானாக இளைத்துவிடும்” என்று சொல்லாத ஆள் இல்லை. “குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு” என்றும் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் துணியை யார் துவைப்பது என்று கேட்டால் பதில் இல்லை.

---

எண்கணக்கன் (பெங்களூரு)

தூளி, உங்கள் நிலையில் இருப்பவர்களை வைத்தே ஓர் ஆய்வு 2008-ல் வந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் 940 தாய்மார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது நாளைக்கு 5 மணி நேரமோ குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, ஒரு வயது ஆகும்போதும் 5 கிலோவோ அதற்கு மேலோ இறங்காமல் நிற்கும் வாய்ப்பு 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மூன்று மடங்கு. ஆகவே உங்கள் மேல் தப்பு இல்லை. வீட்டில் இருப்பவர்கள் ஒரு இரவு ஃபீட் பார்த்துக்கொண்டால் அதுவே பெரிய உதவி.

---

வார்டு அக்கா (கோவை)

தூளி கண்ணு, உன் வீட்டுக்காரரிடம் துணியை ஒப்படைத்துவிட்டுப் படு. ஒரு வாரம் வெள்ளைச் சட்டை நீலமாகும், பிறகு கற்றுக்கொள்வார். டாக்டரிடம் தைராய்டும் ஒரு தடவை பார்த்துக்கொள், பிரசவத்துக்குப் பிறகு அது மாறுவது உண்டு.

---

தாளம்பூர் தம்பி (சென்னை)

கழுத்து 41 செ.மீ. அக்கா. குறட்டை உண்டு என்கிறாள், மூச்சு நிற்பதைப் பார்த்ததில்லையாம். தலைவலி இல்லை.

வேலையை விட முடியாது, வீட்டுக் கடன் இருக்கிறது. வார இறுதியில் பத்து, பதினொரு மணி நேரம் தூங்கி ஈடுகட்டுகிறேன். அது கணக்கில் சேருமா? அப்புறம் ஷிப்ட் மாறாமல் என்னதான் செய்யலாம்?

---

எண்கணக்கன் (பெங்களூரு)

வார இறுதித் தூக்கம்: 2019-ல் கொலராடோவில் இதையே சோதித்தார்கள். வாரநாளில் 5 மணி நேரம், சனி ஞாயிறில் இஷ்டப்படி, மறுபடி 5 மணி நேரம். அந்த இரண்டு நாள் கொறிப்பது குறைந்தது. வாரம் தொடங்கியதும் பழையபடி ஆனது, எடையும் ஏறியது. இன்சுலின் வேலை செய்யும் திறன்கூட மேம்படவில்லை. சனிக்கிழமை தூங்குவது தப்பில்லை, அதை நம்பி மற்ற ஐந்து நாளை விட்டுவிடக் கூடாது.

பலன் தெரிந்த ஆய்வு 2022-ல் வந்தது. மறுபடி சிகாகோ. ஆறரை மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும், எடை கூடிய 80 பேர், தங்கள் வீட்டிலேயே, வழக்கமான வேலையோடு. ஒரு தடவை உட்காரவைத்துப் பேசி, படுக்கையறையில் போனைக் குறைப்பது போல அவரவருக்கு ஏற்ற யோசனை. தூக்கம் சராசரியாக 1.2 மணி நேரம் கூடியது. டயட் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாப்பாடு நாளைக்கு 270 கலோரி குறைந்தது. அந்த ஆய்வில் நைட் ஷிப்ட்காரர்கள் சேரவில்லை, அதனால் உங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது.

உங்களுக்குப் பொருந்துவது வேறு. நேரம் கெட்டுச் சாப்பிட்டால் அதே சாப்பாட்டை உடல் வேறு மாதிரி கையாள்கிறது. பாஸ்டனில் 19 பேரை வைத்து நைட் ஷிப்ட் போலவே நடத்தினார்கள், 2021-ல் வெளிவந்தது. ராத்திரியும் சாப்பிட்ட குழுவுக்கு ரத்தச் சர்க்கரை சராசரி 6.4 சதவீதம் உயர்ந்தது. பகலில் மட்டும் சாப்பிட்ட குழுவுக்கு உயரவில்லை. இரண்டு குழுவும் ராத்திரி முழித்திருந்தவர்கள்தான்.

---

வார்டு அக்கா (கோவை)

நடைமுறைக்கு வருகிறேன். டின்னரைக் கேன்டீனில் பத்தரைக்கு வைக்காமல் கிளம்பும்முன் ஐந்தரைக்கு வீட்டிலேயே முழுச் சாப்பாடாகச் சாப்பிடுங்கள், அந்த டிபனுக்குப் பதில். பதினொரு மணி வாக்கில் சின்னதாக ஒன்று: சுண்டல், மோர், ஒரு அவித்த முட்டை. வீட்டிலிருந்து டப்பாவில். அதற்கு மேல் தண்ணீர்தான். இரண்டு மணி கூட்டத்தோடு கீழே இறங்குங்கள், நண்பர்களை விட வேண்டாம். நடந்துவிட்டு வாருங்கள், கையில் காசு கொண்டுபோகாதீர்கள். ஜி.பே. இருக்கிறதே என்று சொல்வீர்கள். போனை டெஸ்க்கிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

காபி, டீயை ஒரு மணியோடு நிறுத்துங்கள், ஐந்து மணிக்குப் படுக்க வேண்டியவர் நீங்கள். படுக்கும்போது வயிறு கடித்தால் ஒரு வாழைப்பழமோ அரை டம்ளர் பாலோ. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு, சிலிண்டர்காரருக்கு எதிர்வீட்டு நம்பர். ஒன்பது மணிக்குக் கலைந்தாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் மறுபடி படுங்கள். பிரித்துத் தூங்கினாலும் மொத்தம் ஆறரை, ஏழு வந்தால் நல்லது.

---

சால்னா (மதுரை)

ஐந்தரை மணிக்குக் கொத்து பரோட்டா சாப்பிட்டால் கணக்கில் வராது, அப்படித்தானே அக்கா?

---

வார்டு அக்கா (கோவை)

வரும் சால்னா. பகலில் வந்தாலும் பரோட்டா பரோட்டாதான்.

---

ஒன்றரை ஷிப்ட் (திருப்பூர்)

அக்கா, ஒரு கேள்வி. என் அண்ணன் லாரி ஓட்டுகிறார். பனங்கூடல் சொன்ன அதே குறட்டை, அதே களைப்பு. டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறார். இந்தப் பரிசோதனையை எங்கே செய்வது? தனியாரில் கேட்ட தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

---

வார்டு அக்கா (கோவை)

லாரி ஓட்டுபவர் என்றால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்டியரிங்கில் கண்ணயர்ந்தால் எடைப் பேச்செல்லாம் அப்புறம்தான். மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் நுரையீரல் பிரிவிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ கேளுங்கள். அங்கே கருவி இல்லையென்றால் எங்கே இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். சர்க்கரையும் பிரஷரும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அண்ணியையும் கூட்டிப்போங்கள். அதற்கு முன்னால் அவர் அசந்து தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்தை விட, நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும்.